வராத பசங்களும் பாஸ்தான்: உதவியை அளக்கக் கற்ற கதை

எங்கள் கல்லூரி பேட்ச் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆறேழு வருடமாக ஒரு மாலை நேர டியூஷன் மையம் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பணம் அனுப்புகிறோம். நண்பன் ஒருவனுடைய சொந்த ஊரில், ஒரு வாடகை அறையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்தான் உண்மையில் நடத்துகிறார். எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர். என் வேலை கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை எக்செல் கோப்பு ஒன்றைத் தயாரித்து வாட்ஸாப் குழுவில் போடுவேன். எவ்வளவு பணம் வந்தது, எத்தனை நோட்டு வாங்கினோம், எத்தனை நாள் சுண்டல் கொடுத்தோம், எத்தனை பேர் பத்தாம் வகுப்பு தேறினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

2024-ஆம் வருடக் கோப்பில் 38 பேரில் 35 பேர் பாஸ். 92 சதவீதம். குழுவில் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. சந்தோஷத்தில் டீச்சருக்கு போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நல்லதுதான் தம்பி. ஆனா நம்மகிட்ட வராத பசங்களும் பாஸ்தான் ஆயிருக்காங்க."

அந்த வருடம் தமிழ்நாட்டின் மொத்தத் தேர்ச்சியே 91.55 சதவீதம். எங்கள் மையத்துக்கும் மாநிலச் சராசரிக்கும் அரை சதவீதம்தான் வித்தியாசம். அதாவது, ஆறு வருடமாக நான் வண்ணம் அடித்துக் காட்டிய அந்தக் கட்டம் எதையுமே சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாகப் போனதற்குக் காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் துறையில் இருக்கிறேன். புது பட்டன் வைத்தோம், விற்பனை ஏறியது என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால், "தீபாவளி வாரம் ஆச்சே, பட்டன் இல்லாதவங்களுக்கு ஏறலையா?" என்று முதலில் கேட்பவன் நான். பாதிப் பேருக்குப் புதுசைக் காட்டு, பாதிப் பேருக்குப் பழசைக் காட்டு, வித்தியாசத்தைப் பார். இதை ஏ/பி டெஸ்ட் என்போம். ஆபீஸில் பட்டனுக்குக் கேட்கிற கேள்வியை நன்கொடைக்கு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படியானால் தர்ம காரியத்துக்கு இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் யார் என்று தேட ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்டவர் பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் கேபட். இந்தக் குறிப்பு பெரும்பாலும் அவர் ஆரம்பித்து வைத்த ஒரு சோதனையைப் பற்றியது.

கேபட் 1868-இல் பாஸ்டனின் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவமும் சமூக அறவியலும் கற்பித்தவர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அவர் வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, படுக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்று நினைத்தார். 1905-இல் அங்கே சமூகப் பணியாளர்களைக் கொண்டுவந்தார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருத்துவச் சமூகப் பணி என்ற துறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் என்ன நோய் என்று எழுதினார்கள், இறந்தபின் பிரேதப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 3,000 பரிசோதனைகளை அலசி 1912-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தேர்ந்த மருத்துவர்களே எத்தனை தடவை தவறாகக் கணித்தார்கள் என்று காட்டியது. சக டாக்டர்களுக்கு அது ரசித்திருக்காது. நம் பாஷையில் சொன்னால், தன் கோடில் இருக்கும் பக்கைத் தானே தேடி ஊர் பார்க்கப் பட்டியல் போட்டவர்.

1931-இல் அமெரிக்கச் சமூகப் பணியாளர்களின் தேசிய மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். அங்கேயும் இதே மருந்துதான். நல்லது செய்கிறோம் என்று நம்புகிறீர்கள், சரி, எப்படித் தெரியும், அளந்து பாருங்கள் என்பது அந்த உரையின் சாரம். இந்த மாதிரி மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய உண்டு. கேபட் தன் மனைவி எல்லா லைமன் கேபட்டின் பெயரில் இருந்த அறக்கட்டளையின் பணத்தில் அதைச் செய்தே காட்டக் கிளம்பினார்.

எடுத்துக்கொண்ட பிரச்சினை சிறார் குற்றம். தடம் மாறக்கூடிய பையன்களுக்கு ஒரு நல்ல பெரியவரின் நட்பும் தொடர்ந்த உதவியும் கிடைத்தால் அவர்கள் தேறிவிடுவார்கள் என்பது கேபட்டின் நம்பிக்கை. இதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களின் நெரிசலான தொழிலாளர் பகுதிகளில் இருந்து பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முரட்டுப் பையன்கள் மட்டும் என்றால் திட்டத்தில் சேருவதே ஒரு முத்திரையாகிவிடும் என்று, சாதாரணப் பையன்களையும் சேர்த்தார்கள். வயது, குடும்பச் சூழல், அக்கம்பக்கம், சுபாவம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். மொத்தம் 325 ஜோடி, 650 பையன்கள். பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா. ஒருவனுக்கு உதவி, இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை. அவனைப் பற்றிய குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் வந்தது, உங்களுக்கும் வரலாம். அதெப்படி, கஷ்டப்படுகிற பையனை நாணயம் சுண்டி ஒதுக்குவது? ஆனால் இருந்த ஆலோசகர்கள் ஒரு சமயத்துக்குச் சுமார் பத்துப் பேர்தான். பணமும் அவ்வளவுதான். எப்படியும் பாதிப் பேருக்குக் கிடைக்கப்போவதில்லை. யாருக்குக் கிடைக்காது என்பதைச் சிபாரிசு முடிவு செய்யாமல் நாணயம் முடிவு செய்தது. நாணயத்தால் இன்னொரு லாபமும் இருந்தது. ஆர்வமான பையன்களாகப் பொறுக்கி எடுத்திருந்தால், அவர்கள் நன்றாக வந்தது ஆர்வத்தாலா உதவியாலா என்று பிரிக்கவே முடியாது. நாணயத்துக்கு எவன் ஆர்வமானவன் என்று தெரியாது.

வேலை 1939-இல் தொடங்கியது. அதே வருடம் மே மாதம் கேபட் இறந்துவிட்டார். முடிவு என்ன ஆகும் என்று தெரியாமலே போனார்.

உதவி என்றால் பேருக்கு அல்ல. ஆலோசகர் சராசரியாக மாதம் இரண்டு முறை பையனின் வீட்டுக்குப் போவார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவ, மனநல உதவி கிடைத்தது. கால்வாசிப் பேர் கோடைக்கால முகாம்களுக்குப் போனார்கள். சாரணர் இயக்கம், விளையாட்டு, மரவேலை என்று பலதும் உண்டு. அப்பா அம்மாவுக்குள் தகராறு என்றாலும் ஆலோசகர் போய் உட்கார்ந்து பேசினார். சராசரியாக ஒரு பையனுக்கு ஐந்தரை வருடம் இது தொடர்ந்தது. நடுவில் உலகப் போர் வந்தது, ஆலோசகர்கள் மாறினார்கள். வேலை அதிகமாகிச் சில பையன்களைப் பாதியில் விட வேண்டி வந்தது. 1945 கடைசியில் திட்டம் முடிந்தபோது மிஞ்சியது 253 ஜோடி.

எங்கள் எக்செல் கோப்பு மாதிரி ஒரு கோப்பை அந்த வருடம் யாராவது தயாரித்திருந்தால் என்ன வந்திருக்கும்? அதற்குப் பதில் இருக்கிறது. தங்கள் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் நல்ல பலன் பெற்றார்கள் என்று ஆலோசகர்களே மதிப்பிட்டார்கள். பையன்களிலும் பாதிக்கு மேல் தங்களுக்கு உதவியாக இருந்தது என்றார்கள். ஆண்டறிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு புகைப்படமும் ஒரு நன்றிக் கடிதமும் சேர்த்தால் அடுத்த நிதியாண்டுக்குப் பணம் வந்துவிடும்.

ஆனால் இங்கே இன்னொரு கோப்பு இருந்தது, நாணயம் கைவிட்ட பையன்களின் கோப்பு. எட்வின் பவர்ஸும் ஹெலன் விட்மரும் இரண்டையும் ஒப்பிட்டு 1951-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். நீதிமன்றம் வரை போனவர்கள் இரண்டு பக்கமும் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் ஹார்வர்ட் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட். பலன் தெரிய இன்னும் காலம் ஆகலாம் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கும் இருந்தது. நியாயமான நம்பிக்கைதான். விதைத்ததும் அறுக்க முடியாது.

காலமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 1950-களிலேயே இந்தக் கோப்புகளில் வேலை செய்தவர். 1975 வாக்கில் அந்த 506 பையன்களையும் மறுபடி தேட ஆரம்பித்தார். அவர்கள் நாற்பதுகளில் இருந்தார்கள், இப்போது எனக்கு ஆகிற வயது. இணையம் இல்லாத காலம். நீதிமன்றம், மனநல மருத்துவமனை, குடிநோய் சிகிச்சை மையம், மரணப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் போய், இருபதில் பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களிடம் அந்தத் திட்டம் பற்றிக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, ஆமாம், எனக்கு நல்லது செய்தது என்றார்கள். சிலருக்கு முப்பது வருடம் கழித்தும் ஆலோசகரின் பெயர் ஞாபகம் இருந்தது.

பிறகு இரண்டு அணியின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு குற்றம் செய்தவர்களில் இரண்டாவது குற்றமும் செய்தவர்கள் உதவி பெற்ற அணியில்தான் அதிகம். குடிநோயின் அறிகுறிகளும் கடுமையான மனநோயும் அந்த அணியில்தான் அதிகம். மன அழுத்தத்தோடு தொடர்புடைய ரத்த அழுத்தம் போன்ற நோய்களும் அப்படியே. வேலையில் திருப்தி குறைவு. அதுவரை இறந்தவர்களை எடுத்தாலும் உதவி பெற்றவர்கள் இன்னும் இளம் வயதில் இறந்திருந்தார்கள். உதவி பெற்றவர்கள் மேலாக இருந்த ஒரு அளவுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1978-இல் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் இதழில் இதை வெளியிட்டார்.

முதல் தடவை இதைப் படித்தபோது நான் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனேன். பயனில்லை என்றால் ஜீரணித்துக்கொள்ளலாம். பணம் வீண், அவ்வளவுதான். கெடுதல் என்றால்?

ஏன் இப்படி ஆனது என்பதற்கு மெக்கார்ட் சில ஊகங்களை வைத்தார். வெளியாள் துணைக்கு வந்து பழகியதில் சொந்தக் காலில் நிற்கும் பழக்கம் தளர்ந்திருக்கலாம். நடுத்தர வர்க்க ஆலோசகர்கள் கொண்டுவந்த எதிர்பார்ப்பு பெரிதாகி, பின்னால் கிடைத்த வாழ்க்கை ஏமாற்றமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு உதவி தேவைப்படுகிறது என்றால் என்னிடம் ஏதோ கோளாறு என்று பையன் நினைத்திருக்கலாம். அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரை இன்னொரு தடயத்தைக் காட்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கோடை முகாமுக்குப் போன பையன்களிடம்தான் கெடுதல் அதிகமாகக் குவிந்திருந்தது. சேட்டைக்காரப் பையன்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்தால் அவர்களே ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். நம்ம ஊர் ஹாஸ்டல் வார்டன்கள் இதை ஆய்வுக் கட்டுரை இல்லாமலே சொல்வார்கள்.

இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மெக்கார்ட் ஒரே சமயத்தில் பல அளவுகளை ஒப்பிட்டார், அப்படிச் செய்தால் சில தற்செயலாகவே வித்தியாசமாகத் தெரியும் என்ற விமர்சனம் உண்டு. கேபட்டின் பையன்களைப் பற்றி 2019-இல்கூட ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய எல்லாருடைய வாழ்நாளும் முடிகிற வரை தொடர்ந்து பார்த்ததில், மரணத்தைப் பொறுத்தவரை இரு அணிக்கும் இடையே வித்தியாசம் நிலைக்கவில்லை என்றது. எண்பது வருடம் கழித்தும் ஒரு கணக்கைத் திருத்த முடிகிறது என்றால், அந்த ஒதுக்கப்பட்ட பையன்களின் கோப்பை யாரோ பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நன்றியும் பலனும் வேறு வேறு என்பதுதான். அந்தப் பையன்கள் பொய் சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதர் வீடு தேடி வந்தார், மீன் பிடிக்கக் கூட்டிப்போனார் என்றால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அவர் வராமல் போயிருந்தால் தன் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பையனால் பார்க்க முடியாது. யாராலும் முடியாது. தன் ஜோடிப் பையனிடம்தான் அதற்கு ஏதோ ஒரு பதில் இருந்தது.

இன்று பெரிய அறக்கட்டளைகள் நன்கொடை என்று சொல்வதைக் குறைத்து முதலீடு என்கிறார்கள். 1990-களின் பிற்பாதியில் சான் பிரான்சிஸ்கோவில், வீடற்றவர்கள் போன்றோருக்கு வேலை கொடுக்கும் தொழில்களில் பணம் போட்ட ஒரு நிதியம், போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சமூகத்துக்கு எத்தனை டாலர் திரும்பியது என்று கணக்கிடும் முறையை உருவாக்கியது. முதலீட்டின் சமூக வருவாய் என்று அது உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்த வழிகாட்டிகளில் 'டெட்வெயிட்' என்று ஒரு வரி உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது எவ்வளவோ அதைக் கழித்துவிடு என்று அர்த்தம். என் டீச்சர் சொன்னதும் அதே வரிதான். அந்த இடத்தில் ஊகமாக ஒரு எண்ணைப் போட்டால் மொத்த விகிதமும் நம் இஷ்டத்துக்கு ஆடும். ஆலோசகர்களின் மதிப்பீட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் கேபட்டின் திட்டம் லாபத்தில்தான் போயிருக்கும்.

ஒதுக்கப்பட்டவனுக்கு என்ன பதில் என்ற நெருடலுக்கும் பின்னால் வந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். 1997-இல் மெக்சிகோ அரசு ப்ரோக்ரேசா என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது 506 கிராமங்களை எடுத்து, 320-இல் முதலில், 186-இல் பிறகு என்று குலுக்கல் முறையில் பிரித்தது. (கேபட்டின் கணக்கிலும் 506 பேர். தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்காது.) மேற்கு கென்யாவில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்தபோது, மைக்கேல் க்ரெமரும் எட்வர்ட் மிகேலும் அவற்றை மூன்று அணியாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் உண்டு, வரிசை மட்டும் முன்பின். பள்ளிக்கு வராமல் இருப்பது கால்வாசி குறைந்தது என்று 2004-இல் எழுதினார்கள். 2015-இல் அந்தக் கணக்கைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. தரவைக் கொடுத்திருந்ததால்தான் சண்டை போட முடிந்தது. அதே கென்யாவில் இலவசப் பாடநூல் கொடுத்துப் பார்த்தபோது சராசரி மதிப்பெண் உயரவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் பயன்பட்டது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அது பல பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி.

2003-இல் எம்ஐடியில் இந்த முறைக்கென்றே ஒரு ஆய்வகம் தொடங்கிய மூவரில் ஒருவர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த செந்தில் முல்லைநாதன். மற்ற இருவரான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் க்ரெமரோடு சேர்ந்து 2019-இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள்.

சரி, எங்கள் மையம். இந்த ஜூனில் 61 பேர் பெயர் கொடுத்தார்கள், இடம் 40. வழக்கமாக ஆர்வமானவர்களை டீச்சர் பார்த்து எடுப்பார். குலுக்கிப் போடலாம், மீதி 21 பேரின் மதிப்பெண்ணையும் வீட்டில் சம்மதம் கேட்டுக் குறித்து வைக்கலாம், அடுத்த வருடம் அவர்களுக்கு முதல் இடம் என்று குழுவில் எழுதினேன். பெரிய வாக்குவாதம். "பசங்களை வச்சு எக்ஸ்பெரிமென்டாடா பண்ற?" என்றான் ஒருவன். "ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா, கடையைச் சாத்திடுவியா?" என்றான் இன்னொருவன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்னமும் பதில் இல்லை. நாற்பது பேரை வைத்து வரும் எண் உறுதியாக எதையும் சொல்லாது என்பதும் எனக்குத் தெரியும்.

தயங்கித் தயங்கி டீச்சரிடம் பேசினேன். அவர் மறுக்கவில்லை. தங்கச்சி உள்ளே, அக்கா வெளியே என்று ஆகக் கூடாது, ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சீட்டு என்று மட்டும் ஒரு விதி சேர்த்தார். எனக்குத் தோன்றாத விதி. ஒரு சனிக்கிழமை பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுப் போட்டு, ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையை எடுக்க வைத்தார்கள்.

அன்று இரவு வாட்ஸாப்பில் டீச்சர் ஒரு படம் அனுப்பினார். நாற்பது பக்க நோட்டு, நடுவில் கோடு, இரண்டு பக்கமும் பெயர்கள். கீழே ஒரு குரல் பதிவு: "இந்தப் பக்கம் இருக்கறதுங்க இடம் கிடைக்காத பசங்க தம்பி. வாரம் ஒருதரம் இதுங்களையும் எட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

எட்டிப் பார்த்தால் அதுவே ஒரு உதவி ஆகிவிடுமே, கணக்கு கெட்டுவிடுமே டீச்சர் என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.